பதினொரு கிலோ நானூறு கிராம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு நாட்களாக ஒரு பை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் கோயில் உண்டியலில் போடுவதுபோல அதில் எதையாவது போட்டுவிட்டுப் போனோம். பழைய செய்தித்தாள் வாங்க வருகிறவர் எடையில் ஏமாற்றுகிறாரா என்று பார்ப்பதற்காக என் கணவர் ஒரு கொக்கித் தராசு வாங்கி வைத்திருக்கிறார். ஐந்தாம் நாள் காலையில் அதில் பையை மாட்டித் தூக்கிப் பார்த்தார். 11 கிலோ 400 கிராம். பைக்குச் சொந்தக்காரியின் எடை 32 கிலோ.

மகளுக்கு 11 வயது. மே மாத நடுவில் ஏற்காட்டில் ஏழு நாள் கோடை முகாம். கூடாரத்தில் தூக்கம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நடை, கைபேசி கிடையாது. அவளே கேட்டு, அவளே அடம்பிடித்து வாங்கிய அனுமதி இது. மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பள்ளிப் பை கனக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. அந்தக் கணக்கில் இவள் தூக்கக்கூடியது 3 கிலோ 200 கிராம். மலைக்குப் போகிற பைக்குப் பள்ளிப் பையின் சட்டம் பொருந்தாதுதான். ஆனாலும் வண்டி நிற்கிற இடத்திலிருந்து கூடாரம் வரை படிகள் உண்டு என்றும், அவரவர் பையை அவரவரேதான் தூக்க வேண்டும் என்றும் முகாம்காரர்கள் எழுதியிருந்தார்கள். அதனால் சக்கரப் பெட்டி வேண்டாம், முதுகுப் பைதான் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வரியை நான் தராசைப் பார்த்த பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன்.

பையைத் தரையில் கவிழ்த்தோம். யார் எதைப் போட்டது என்று சொல்லாமலே தெரிந்தது. என் கணவருடையவை: இரண்டு டார்ச், பத்து மீட்டர் நைலான் கயிறு, ஒரு குடை, அட்டை கடித்தால் வைக்க அரைக் கிலோ உப்பு. ‘உப்புக்கு முகாமில் சமையலறை இருக்காதா?’ என்று கேட்டேன். ‘அந்த நேரத்தில் சமையலறையைத் தேடிக்கொண்டா ஓடுவாள்?’ என்றார். மாமியாருடையவை: பருப்புப் பொடி, ஓமத் திரவம், திருநீற்றுப் பொட்டலம், போர்வை மடிப்புக்குள் ஒளித்து வைத்த கடலை மிட்டாய். தின்பண்டம் கூடாது, குரங்கு வரும் என்று முகாமில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ‘குரங்கு வந்தால் அதற்கும் ஒன்று கொடுக்கட்டும்’ என்றார் அத்தை. என்னுடையவைதான் எடையில் பாதிக்கு மேல். ஏழு நாளுக்கு 14 செட் உடுப்பு, ஒரு ஜீன்ஸ், ஒரு டர்க்கித் துண்டு, கம்பளிச் சட்டை இரண்டு. மற்றவர்களைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை.

கம்பளிக்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். மலை என்றாலே குளிர் என்று சென்னைக்காரர்களுக்கு ஒரு பிரமை உண்டு. அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். ஆக, சேலத்தில் கத்திரி வெயில் 38 டிகிரியில் காய்ந்தால் மேலே 30 டிகிரி. பகலுக்குப் பருத்திச் சட்டையே போதும். இரவுக்கு ஒரு கம்பளிச் சட்டை தேவைப்படலாம், இரண்டு தேவையே இல்லை. பயப்பட வேண்டியது மழைக்குத்தான். மே மாதத்தில் பிற்பகல் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்து கொட்டுகிற கோடை மழை அங்கே சாதாரணம். மலையில் ஒருமுறை நனைந்த ஜீன்ஸ் மறுநாளும் காயாது, மூன்றாம் நாள் வாடை அடிக்கும்.

அதனால் ஜீன்ஸ் போயிற்று. டர்க்கித் துண்டும் போயிற்று. அதற்குப் பதிலாக இரண்டு ஈரிழைத் துண்டுகள். துண்டு என்றால் அதுதான் துண்டு. பிழிந்து உதறிக் கொடியில் போட்டால் காபி குடித்து முடிப்பதற்குள் பாதி காய்ந்துவிடும், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும், தலைக்குக் கட்டலாம், கழுத்தில் சுற்றலாம், அவசரத்துக்கு உட்கார விரிக்கலாம். அதை விட்டுவிட்டு, ஈரமானால் நாய்க்குட்டி கனம் கனக்கும் டர்க்கித் துண்டை எல்லோர் வீட்டுக் குளியலறைக்குள்ளும் எப்படி விட்டோம் என்று தெரியவில்லை. குடையும் நீங்கியது. இரண்டு கையும் ஓடியாட வேண்டிய இடத்தில் ஒரு கையைக் குடைக்குக் கொடுத்தால் என்ன விளையாட்டு? தொப்பி வைத்த மழைச்சட்டை போதும். டார்ச்சில் ஒன்று நின்றது. அதன் பேட்டரிகளில் ஒன்றை மட்டும் தலைகீழாகத் திருப்பிப் போட்டு வைத்தால் பைக்குள் தானாக எரிந்து தீர்ந்துபோகாது. இது என் கணவரின் யோசனை, நல்ல யோசனை. உப்பு இழந்த வருத்தத்தை இதில் ஆற்றிக்கொண்டார்.

இந்த அல்லாட்டமெல்லாம் எங்கள் தலைமுறைக்குப் பழக்கமில்லாதது. எனக்குக் கோடை விடுமுறை என்றால் வேலூர் பக்கம் தாத்தா வீடுதான். அதற்கு யாரும் பை அடுக்கவில்லை. ஒரு மஞ்சள் பையில் இரண்டு பாவாடை சட்டை. மற்றதெல்லாம் அங்கே இருந்தது. சித்தி மகளின் உடுப்பு எனக்குச் சேரும், என்னுடையது அவளுக்குச் சேரும், சோப்பும் சீப்பும் ஊருக்கே ஒன்று. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனோமே தவிர, வீடில்லாத இடத்துக்குப் போகவில்லை. 1861-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் கன் என்ற ஆசிரியர் தன் பள்ளிப் பையன்களை நடத்தியே கடற்கரைக்கு அழைத்துப் போய் இரண்டு வாரம் கூடாரத்தில் தங்க வைத்தார், கோடை முகாமின் தொடக்கம் அதுதான் என்கிறார்கள். அந்தப் பையன்களின் அம்மாக்கள் என்னென்ன கட்டிக் கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே 14 செட்டை ஐந்தாகக் குறைத்தேன்.

அந்த ஐந்து செட்டையும் மறுபடி அடுக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் வேறு எங்கோ இருக்கிறது என்று பட்டது. ‘ஐந்து செட் என்றால் நடுவில் துவைக்க வேண்டும்’ என்றேன். ‘துவைக்கிறேன்’ என்றாள். சரி, ஒரு சட்டையைத் துவைத்துக் காட்டு என்றேன். அலசினாள். பிழியச் சொன்னேன். ஈரச் சட்டையை இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துச் சப்பாத்தி மாவு மாதிரி அமுக்கினாள். முறுக்கிப் பிழிய அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததில் வியப்பென்ன, பிறந்ததிலிருந்து சலவை இயந்திரத்தின் கதவைத்தான் பார்த்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு நாங்கள் வேறொரு பட்டியல் எழுத ஆரம்பித்தோம். முகாம் அனுப்பிய பட்டியல் பொருள்களுக்கானது. இது கைகளுக்கானது, தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. இவளுடைய காலணிகள் எல்லாமே ஒட்டும் பட்டை வைத்தவை, ஷூ கயிறு கட்டத் தெரியாது. மாத்திரை விழுங்கத் தெரியாது, இன்று வரை எல்லாம் சிரப். குளிர்ந்த நீரில் வாளியும் குவளையுமாகக் குளித்ததில்லை. போர்வையை ஒற்றை ஆளாக மடிக்கத் தெரியாது. எங்கள் அடுக்குமாடி வீட்டில் இருப்பது இரண்டும் மேற்கத்திய கழிப்பறை. முகாமில் இருப்பது குந்தி உட்காருவது. இதைச் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, முகாமே நின்றுவிடுமோ என்று நினைத்தேன்.

பெரம்பூரில் என் அக்கா வீட்டில் பழைய கழிப்பறைதான் இருக்கிறது. இரண்டு சனிக்கிழமைகள் அங்கே போய் வந்தோம். அக்கா இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள், சிரிக்கட்டும். குதிகாலைத் தரையில் ஊன்றி உட்கார முதலில் கால் வளையவில்லை. இரண்டாவது வாரம் வளைந்தது. மாத்திரைக்குப் பல்லி முட்டாய் உதவியது. ஒன்றை நாக்கின் மேல் வைத்து, ஒரு மடக்குத் தண்ணீர், தலையை அண்ணாக்காமல் நேராக வைத்து விழுங்க வேண்டும். இருபதாவது முட்டாயில் பிடிபட்டது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். இவளுக்கு வேளச்சேரி மேம்பாலத்திலேயே வயிற்றைப் புரட்டும். அதனால் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார், வண்டி ஏறுவதற்கு முன்பே விழுங்க வேண்டியது. அதைச் சீட்டோடு முகாம் பொறுப்பாளரிடம் கொடுத்தாயிற்று. கூடவே முகர்ந்துகொள்ள ஓர் எலுமிச்சம்பழம், அது என் அம்மா காலத்து வைத்தியம்.

ஷூ விஷயத்தில் நாங்கள் தப்பித்தது தற்செயல். மூன்று வாரம் முன்பே வாங்கியதால் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிப் பழக்கினாள். முதல் வாரமே குதிகாலில் கடித்துவிட்டது. மலையில் கடித்திருந்தால் ஏழு நாளும் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருப்பாள். புது ஷூவோடு குழந்தையை நடைப்பயணத்துக்கு அனுப்புகிறவர்களை நான் இனி மன்னிக்க மாட்டேன்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் தலைமுடி. இடுப்பு வரை தொங்கும் முடி. நான் இரட்டைப் பின்னல் போட்டு மடித்துக் கட்டினால்தான் பள்ளிக்குக் கிளம்புவாள். வெட்டிவிடலாம் என்றேன் நான். வீட்டில் மூன்று பேர் ஒரே குரலில் எதிர்த்தார்கள். அப்படியானால் நீயே பின்னக் கற்றுக்கொள் என்றேன். பின்னுவது மற்றவர் தலையில் எளிது, தன் தலையில் கை பின்னால் போனதும் எந்தக் கால் எது என்று தெரியாமல் போகும். அத்தை ஜன்னல் கம்பியில் மூன்று ரிப்பனைக் கட்டி விட்டார். கண்ணை மூடிக்கொண்டு அதைப் பின்னு என்றார். விரல் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு முடிக்கு வா என்றார். நான்கைந்து நாளில் ஒற்றைப் பின்னல் வந்துவிட்டது. தளர்வாக, ஒரு பக்கம் சாய்ந்து, ஆனால் பின்னல்தான். பேன் பயத்தில் நான் ஒரு கட்டளை மட்டும் இட்டேன்: யார் சீப்பையும் வாங்காதே, உன் சீப்பையும் கொடுக்காதே. சீப்பைப் பையின் மேல் உறையில் அவளே வைத்தாள்.

எல்லாத் துணியிலும் பெயர் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. கடையில் வாங்கிய அழியாத மை பேனா இரண்டு சலவையில் அழிந்தது. அத்தை சிவப்பு நூலும் ஊசியுமாக உட்கார்ந்து காலர்களின் உள்பக்கம் ஒற்றை எழுத்து தைத்தார். தைத்துக்கொண்டே, தன் மகனை ஆறாம் வகுப்பில் விடுதிக்கு அனுப்பிய கதையைச் சொன்னார். ட்ரங்குப் பெட்டி, அதற்குப் பூட்டு, சாவி அரைஞாண் கயிற்றில். துணிக்குக் குறி போட்டது சேராங்கொட்டை. கொட்டையை ஊசியால் குத்தி, அந்தச் சாற்றால் துணியோரத்தில் புள்ளி வைத்து, மேலே சுண்ணாம்பைத் தொட்டுவிட்டால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும், துணி கிழியும்வரை போகாது. ஊருக்குத் துணி வெளுத்தவர்கள் வீட்டுக்கு ஒரு குறி வைத்திருந்தார்களாம். மூன்று புள்ளி ஒரு வீடு, ஒரு கோடும் புள்ளியும் இன்னொரு வீடு. எழுதப் படிக்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். ‘உன் புருஷனுக்கு இடுப்பில் ஒரு தழும்பு இருக்கிறதே, அது நான் வைத்த குறிதான்’ என்றார். பதினைந்து வருடமாக அதை நான் அம்மைத் தழும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெண் குழந்தையை முகாமுக்கு அனுப்புகிற பலர் இதை எழுதாமல் விடுகிறார்கள். 11 வயதில் வயதுக்கு வருவது இன்று அரிதில்லை. அது ஏற்காட்டில், நான் இல்லாதபோது நடக்கலாம். ஒரு சின்னத் துணிப் பையில் நான்கு நாப்கின், இரண்டு உள்ளாடை, பழைய காகிதம் கொஞ்சம், ஒரு பிளாஸ்டிக் உறை வைத்தேன். எப்படி ஒட்டுவது, எப்படிச் சுருட்டிப் போடுவது, யாரிடம் சொல்வது என்று மகளோடு உட்கார்ந்து பேசினேன். பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள் என்று அலட்சியமாகத் தலையாட்டினாள். செய்து காட்டு என்றபோது தலைகீழாக ஒட்டினாள். ஷூ கயிறு மாதிரி இதற்கும் ஓர் ஒத்திகை நடந்தது.

அத்தை கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் மலைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ‘எனக்கு நாற்றங்காலில் வந்தது. யாரும் எதையும் சொல்லி வைத்ததில்லை. அட்டை கடித்துவிட்டது என்று நினைத்துக் காலைக் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்து அழுதேன்’ என்றார். பேத்தி சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து அத்தை, ‘கறுப்பில் ஒரு கால்சட்டை இருந்தால் அதையும் வை’ என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். கறுப்பில் இல்லை, கருநீலத்தில் ஒன்று இருந்தது. வைத்தேன். இரண்டாவது முறை எடை பார்த்தபோது பை 5 கிலோ 900 கிராம். முதுகில் மாட்டிக்கொண்டு நான்கு மாடி ஏறி இறங்கினாள்.

அடுக்கியது முழுக்க அவளேதான். நாளுக்கு ஓர் உறை, உறைக்குள் அன்றைய உடுப்பு, சுருட்டி. எது எங்கே என்று கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டால்கூடச் சொன்னாள். இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிளம்பும் நாளுக்கு முந்தைய இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, நான் அந்தப் பையைத் திறந்தேன். திறந்து, சரிபார்க்கிறேன் என்ற பெயரில் சிலவற்றை இடம் மாற்றி வைத்தேன். எதை மாற்றினேன் என்று காலையில் எனக்கே நினைவில்லை.

முகாம் குழந்தைகள் எல்லோரும் சென்ட்ரலில் கூடி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினார்கள். பெயர்தான் ஏற்காடு. அந்த ரயில் மலை ஏறாது, விடியுமுன் சேலத்தில் இவர்களை இறக்கிவிட்டு ஈரோட்டுக்குப் போய்விடும். என் கணவர் ஜன்னலருகே நின்று டார்ச் பேட்டரியைத் திருப்பிப் போட வேண்டும் என்பதை மூன்று முறை சொன்னார். அவள் ‘சரிப்பா’ என்று சொன்ன விதத்தில், வண்டி சீக்கிரம் கிளம்பினால் தேவலை என்பது தெரிந்தது.

ஏழாம் நாள் காலை அதே நடைமேடையில் இறங்கியபோது தோல் கறுத்து, முழங்காலில் சிராய்ப்போடு, யாருடையதோ ஒரு காலுறையைப் போட்டிருந்தாள். ஒற்றைப் பின்னல் இறுக்கமாக இருந்தது. வகிடு மட்டும் பாம்பு ஊர்ந்த தடம்போல வளைந்து வளைந்து போயிருந்தது. வீட்டில் பையைக் கவிழ்த்தோம். ஓர் ஈரிழைத் துண்டு காணோம். ஐந்து செட்டில் இரண்டு உறை பிரிக்கப்படவே இல்லை. அந்தச் சின்னத் துணிப் பையும் இல்லை. என்ன ஆயிற்று என்றேன், கொஞ்சம் பதறித்தான். ‘என் கூடாரத்தில் ஓர் அக்காவுக்கு மூன்றாம் நாள் ராத்திரி வந்துவிட்டது. அவள் கொண்டு வரவில்லை. எப்படி ஒட்டுவது என்று நான்தான் காட்டினேன்’ என்றாள், டார்ச்சைக் கடன் கொடுத்ததைச் சொல்கிற குரலில். கருநீலக் கால்சட்டையும் அவளோடு போய்விட்டது.

நான்கு நாள் கழித்துத் தபால்காரர் ஓர் இன்லாண்ட் கடிதம் கொடுத்தார். வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று முகாமில் விதி. இரண்டரை ரூபாய்க்கு நான்தான் வாங்கிக் கொடுத்து, மூன்றாக மடித்து ஒட்டவும் பழக்கியிருந்தேன். 636601 என்ற ஏற்காட்டின் பின்கோடைச் சுத்தமாக எழுதியிருந்தாள். உள்ளே, மழை பெய்தது, காட்டுமாடு தூரத்தில் நின்றது, ரசம் நன்றாக இல்லை. கடைசியில்: ‘அம்மா, சீப்பைக் காணோம். மேல் உறையில்தான் வைத்தேன். நீ எடுத்தாயா?’

பரணிலிருந்து பையை இறக்கினேன். முதுகுப் பக்கத்தில் உள்ளுக்குள்ளே ஒரு ஜிப் அறை. அப்படி ஓர் அறை இருப்பதே அவளுக்குத் தெரியாது. அதற்குள் சீப்பு பத்திரமாக இருந்தது. கூடத்தில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தவளிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

‘ஏழு நாளும் எப்படிப் பின்னினாய்?’

‘பின்னுவதற்குச் சீப்பு எதற்கு?’ என்றாள், நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். ‘வகிடு எடுக்கத்தான் கஷ்டமாக இருந்தது. நகத்தால் எடுத்தேன்.’